பனியில் கூட்டுவதா, குறைப்பதா?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் சங்கடம் இது. கடந்த டிசம்பரில் குடும்பத்துடன் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போய் வந்திருக்கிறார். கண்ணுக்குப் பாலாகத் தெரிந்த வெண்பனி படங்களில் அடுப்புச் சாம்பலாக விழுந்திருக்கிறது. அதன் முன்னால் நின்ற கணவர், பிள்ளைகளின் முகங்களோ கரிக்கட்டையாகிவிட்டன. வருகிற பிப்ரவரியில் மறுபடியும் போகிறார். ஒருவர் அவரிடம், "பனி கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம், எக்ஸ்போஷரைக் குறைத்து வையுங்கள்" என்றிருக்கிறார்; எக்ஸ்போஷர் என்பது கேமரா படத்துக்குள் எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவு. இன்னொருவர், "எப்போதும் கூட்டல் 2", அதாவது கேமரா தானாக வைக்கும் அளவுக்கு மேல் இரண்டு படி கூட்டுங்கள், என்றிருக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது அவர் கேள்வி. கேட்டது இதுவானாலும், கேமரா ஏன் தவறுகிறது, தவறியதை ஊர் திரும்பிய பிறகு அறியாமல் அங்கேயே எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 25 ஆண்டுகளுக்கு மேலாகத் திருமணப் படம் எடுப்பவன். பனி பெய்யும் நாட்டில் வாழ்ந்தவன் அல்லன். பனியில் நான் படம் எடுத்தது மூன்று குளிர்காலப் பயணங்களில், மூன்றும் ஹொக்கைடோவில்தான். ஆனால் பனியின் சிக்கல் எனக்கு அறிமுகமானது பனியைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. தொழிலுக்கு வந்த புதிதில் செந்தூலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை, அவருடைய தகப்பனார், சித்தப்பாமார் மூவர், ஐந்து பேரும் வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி. பின்னால் வெள்ளைத் துணி கட்டிய மேடை. ஆல்பத்தைப் புரட்டிய மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "ஏன் தம்பி, புது வேட்டியெல்லாம் துவைக்காத வேட்டி மாதிரி இருக்கே?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் இன்றுவரை காதில் நிற்கிறது. சகோதரியின் பனிக்கு நேர்ந்ததும் அந்த வேட்டிக்கு நேர்ந்ததும் ஒன்றே.

இதில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி கேமராவின் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் உறுப்பு, வேலை செய்யும் முறை. மீட்டருக்கு எதிரே இருப்பது பனியா, வேட்டியா, கருங்கல் நந்தியா என்பது தெரியாது. எதிரிலிருந்து திரும்பி வரும் ஒளியின் அளவு மட்டுமே அதற்குத் தெரியும். உலகத்துக் காட்சிகளையெல்லாம் கலந்து குழைத்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் கிடைக்கும் என்ற அனுமானத்தில் அது அமைக்கப்பட்டிருக்கிறது; எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பலாகவே பதிவாகும்படி ஷட்டரையோ (திறந்திருக்கும் நேரம்) அபெர்ச்சரையோ (லென்ஸின் துளை) ஐஎஸ்ஓவையோ (ஒளியுணர்திறன்) நகர்த்தும். பழைய படக்காரர்கள் பையில் வைத்திருந்த சாம்பல் அட்டை, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அட்டையின் பின்புற வெள்ளை 90 சதவீதத்தைத் திருப்பும். புதிதாகப் பெய்த பனியும் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புவது. (மீட்டர்கள் நம்புவது 18 சதவீதத்தையா, 12 அல்லது 13-ஐயா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. அதில் யார் வென்றாலும் வித்தியாசம் சிறியதுதான். நம் கணக்கை அது கவிழ்க்காது.) ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது. 18-ஐ இரட்டித்தால் 36, மறுபடி இரட்டித்தால் 72, இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் ஏறினால் 90. அதாவது, பனி மட்டுமே நிறைந்த ஒரு சட்டகத்தை மீட்டரிடம் கொடுத்தால், இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டேகால் ஸ்டாப் கீழே இழுத்து, 90-ஐ 18 ஆக்கிக் கொடுத்துவிடும். சாம்பல் வந்த வழி இதுதான்.

முகம் கரியானதும் இதே இழுப்பில்தான். அதைத் தனிக் குறையாக எண்ணித் தனி மருந்து தேட வேண்டியதில்லை. நம்மில் பலருடைய நிறம் அந்தச் சாம்பல் அட்டைக்கு ஒரு ஸ்டாப் கீழே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 9 சதவீதம். பனியை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கும் மீட்டர், அதே சட்டகத்திலிருக்கும் முகத்தையும் ஐந்தில் ஒரு பங்காகத்தான் சுருக்கும். 9 என்று பதிவாக வேண்டியது 1.8 என்று பதிவாகிறது. ஒரு வெளிறிய முகத்துக்கு இதே சரிவு நேர்ந்தால் அது மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். நம் முகம் அதே சரிவில் மூக்கும் கன்னமும் பிரித்தறிய முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. பனிப் படம் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் பனி வெள்ளையாக வருகிறதா என்பதோடு நின்றுவிடுகின்றன. நம் குடும்பங்களுக்கு அந்தப் பிழையின் விலை கூடுதல் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இனி அந்த இரண்டு ஆலோசனைகள். நான் இரண்டையும் தள்ளமாட்டேன், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. "குறை" என்பது மீட்டர் இல்லாத கேமராக்களின் காலத்துச் சொல். அக்காலத்தில் ஃபிலிமுடன் வரும் துண்டுத்தாளில், நல்ல வெயிலுக்கு இன்ன அளவு, வெயிலில் பனி அல்லது வெண்மணல் என்றால் அதைவிட ஒரு ஸ்டாப் குறைவு என்று அச்சிட்டிருக்கும். வெயிலை அடிப்படையாக வைத்து எண்ணுகிறவருக்கு அது சரியே: பனி தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி வீசிச் சுற்றுப்புறத்தை இன்னும் வெளிச்சமாக்குகிறது, அதன் நுண்ணிய மேடுபள்ளங்களையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. "கூட்டு" என்பது மீட்டரின் சொல்லை அடிப்படையாக வைத்து எண்ணுகிறவருடையது. ஒரே காட்சியில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஐஎஸ்ஓ 100, தெளிந்த வெயில். வழக்கமான வெயில் விதிப்படி எஃப் 16 என்ற அபெர்ச்சர் அளவில் 1/100 விநாடி. பனிக்காக ஒரு ஸ்டாப் குறைத்தால் 1/200. இப்போது மீட்டரை வெறும் பனியின் மேல் காட்டினால், அது பனியைச் சாம்பலாக்க எண்ணி எஃப் 16-இல் 1/500 என்று சொல்லும். அதில் ஒன்றேமூன்றிலொரு ஸ்டாப் கூட்டினால் வருவதும் 1/200. ஒருவர் மேலிருந்து இறங்கினார், மற்றவர் கீழிருந்து ஏறினார். இருவரும் நின்றது ஒரே படியில். ஆகவே சகோதரியிடம் யாராவது கூட்டு அல்லது குறை என்று சொன்னால், "எதிலிருந்து?" என்று கேட்கட்டும். இன்றைய கேமராவில் அவர் தொடங்குவது மீட்டரிலிருந்து என்பதால் அவர் செய்ய வேண்டியது கூட்டல். வெளிச்சமான காட்சிக்கு மேலும் வெளிச்சம் சேர்ப்பதா என்று மனம் முரண்டு பிடிக்கும், பிடிக்கட்டும்.

எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் உறுதி குறைகிறது. "எப்போதும் 2" என்பதை நான் ஏற்காததும் இதனால்தான். கணக்கில் வந்த இரண்டேகால் ஸ்டாப், சட்டகம் முழுவதும் பனியாகவும் மீட்டர் எளிய வகையாகவும் இருந்தால் பொருந்துவது. 1983-இல் வந்த நிக்கான் எஃப்ஏ சட்டகத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டு அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1996-இல் வந்த எஃப்5 அதற்கென்றே 1,005 புள்ளிகள் கொண்ட வண்ண உணரியை வைத்திருந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கேமராக்களும் இந்த வழியில் வந்தவை. இது பனியாக இருக்கலாம் என்று ஊகித்து, பாதித் திருத்தத்தைத் தாமாகவே செய்துவிடும். பாதியா, கால்வாசியா, ஒன்றுமேயில்லையா என்பது கேமராவுக்குக் கேமரா வேறு. அதன் மேல் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு 2 கூட்டினால் பனி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பல கேமராக்கள் ஃபோகஸ் புள்ளி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கூடுதல் மதிப்பும் கொடுக்கும். புள்ளி கறுப்பு ஜாக்கெட்டில் விழுந்தபோது ஓர் அளவு, அடுத்த விநாடி பனியில் விழுந்தபோது வேறோர் அளவு. ஆகையால் நான் சொல்லும் எண்கள் தொடங்குமிடம் மட்டுமே. சட்டகத்தில் பாதிக்கு மேல் பனி, நடுவே குடும்பம் என்றால் கூட்டல் 1-இல் தொடங்குங்கள். ஹொக்கைடோவின் பியே பக்கத்துக் குன்றுகளைப் போல வெண்பரப்பில் ஒற்றை மரம் மட்டும் என்றால் ஒன்றேமுக்கால் வரை போகலாம். வெளிறிய வானத்தையும் பனியோடு சேர்த்தே எண்ணுங்கள். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். இருண்ட ஊசியிலைக் காடு சட்டகத்தை நிறைத்து, பனி கிளைகளில் மட்டும் படிந்திருந்தால் கூட்டலே வேண்டாம். சில வேளை சற்றுக் கழிக்கவும் வேண்டிவரும்.

எண்ணில் உறுதி இல்லாவிட்டாலும், சரிபார்ப்பதில் உறுதியான வழி உண்டு. கேமராவின் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பனி வெளியில் கண் சுருங்கியிருக்கும்போது திரை எதைக் காட்டினாலும் இருட்டாகத் தோன்றும். இரவு விடுதி அறையில் அதே படம் பளபளவென்றிருக்கும். என் முதல் பயணத்தில் நான் திரையை நம்பிக் கெட்டேன். நடுப்பகலில் திரை இருட்டாகத் தோன்றத் தோன்றக் கூட்டிக்கொண்டே போனதில், குஷிரோ அருகே நாரைகளைப் பார்த்த முழு முற்பகலும் இறகின் வரிகளே இல்லாத வெண்பறவைகளோடு ஊர் திரும்பினேன். அதற்குப் பதில் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் எந்த வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. பனியின் மேடு வலது பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் வலது சுவரில் மோதி ஏறக் கூடாது. மேடு நடுவில் நின்றால் அது துவைக்காத வேட்டி. கணினியில் திறந்து பார்க்கிறவர்களுக்கு எண்ணாகச் சொன்னால், 255 வரை போகும் அளவில் நடுச்சாம்பல் 118-ஐ ஒட்டி இருக்கும். வெயில் பட்ட பனி 230 முதல் 245 வரை இருந்தால் வெண்மையும் இருக்கும், அதன் சொரசொரப்பும் இருக்கும். 180-இல் இருந்தால் சாம்பல்; மூன்று நிறமும் (சிவப்பு, பச்சை, நீலம்) 255 என்றால் அங்கே ஒன்றும் பதிவாகவில்லை. பனித்துகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மின்னுவது 255-ஐத் தொடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மின்னுவது என்றால் அப்படித்தான் இருக்கும்.

மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே காட்டும் வசதி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் சாயும் நேரத்தில் பனி இளஞ்சிவப்பாகும்போது, மொத்த ஹிஸ்டோகிராம் நலமாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் சுவரில் மோதியிருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறரை மணிக்குக் கிளம்பினால் அந்த நேரம் போயே போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். சப்போரோவில் பிப்ரவரி நடுவில் சூரியன் மாலை 5 மணியை ஒட்டியே மறைந்துவிடுகிறது. ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக, எடுப்பது நல்லது. ஹிஸ்டோகிராம் காட்டுவது கேமரா தயாரித்த ஜேபெக் வடிவத்தின் கணக்கு. ரா கோப்பில் வெள்ளைப் பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். எவ்வளவு மிச்சம் என்பது கேமராவைப் பொறுத்தது, ஆகவே அதை நம்பிச் செலவு செய்யாமல் அவசரத்துக்கு வைத்திருப்பதே முறை.

திறந்த வெளியில் வெயில் மாறாமல் இருக்கும்போது நான் மேனுவலுக்கு மாறிவிடுவேன். ஒருமுறை பனியை வைத்துச் சரிபார்த்து, ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் நிறுத்திவிட்டால், அதன் பிறகு கறுப்பு ஜாக்கெட் வந்தாலும் வெள்ளைக் குன்று வந்தாலும் அளவு ஆடாது. விழும் வெளிச்சம் மாறவில்லையே! இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேனுவலில் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டிருந்தால், மீட்டர் பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்து பனியைச் சாம்பலாக்கும். ஐஎஸ்ஓவையும் நிறுத்திய பிறகோ, பெரும்பாலான கேமராக்களில் கூட்டல் கழித்தல் சக்கரத்தைத் திருப்புவதால் படம் மாறாது. மீட்டரின் முள் மட்டுமே நகரும். பனியே சட்டகத்தில் சிறிதாக இருந்து எதை அளப்பது என்று தெரியாதபோது கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அளக்கலாம். நம் புறங்கை என்ன நிறமாயினும் உள்ளங்கை வெளிறியதே; அது ஏறக்குறைய ஒரு ஸ்டாப் மேலே இருக்கும் என்று வைத்து, புள்ளி அளவீட்டில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறையில்) அளந்து கூட்டல் 1 போடுங்கள். உள்ளங்கை, படத்தில் வருகிறவர் நிற்கும் அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். துல்லியக் கருவி என்று இதைச் சொல்லமாட்டேன். தவறினாலும் பெரிதாகத் தவறவிடாது என்பதுதான் இதன் சிறப்பு.

முகத்துக்காகக் கேமராவில் செய்வதைவிட ஆளை நிறுத்துவதில் செய்வது அதிகம். பனி என்பது ஒளியைத் திருப்பி வீசத் தரை முழுவதும் விரித்த வெள்ளைத் தட்டி. நாங்கள் மண்டபத்தில் உதவியாளரை நிற்க வைத்துப் பிடிக்கச் சொல்லும் அதே வேலையை, சம்பளம் வாங்காமல் தாடைக்குக் கீழிருந்து செய்கிறது. வெயிலில் பனி விரிந்திருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, தொப்பியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளச் சொன்னாலே கண்குழியில் வெளிச்சம் புகுந்துவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால், முகம் தொப்பியின் நிழலுக்குள், பின்புலம் வெயில் பட்ட பனி என்று நிறுத்திவிட்டால், முகத்துக்கும் பனிக்கும் இடைவெளி ஐந்து ஸ்டாப்பையும் தாண்டலாம். அப்போது எந்த எண்ணும் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றாது. அங்கே ஃப்ளாஷ் உதவும், அல்லது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் விட்டுக்கொடுப்பது பனியை. அடுத்த ஆண்டும் பனி பெய்யும்; பிள்ளைகள் அதே வயதில் இருக்கமாட்டார்கள்.

வானம் மூடியிருக்கும் நாட்களில் கூட்டல் தேவைதான், ஆனால் அதனால் எல்லாம் சரியாகிவிடாது. நிழலே விழாததால் பனியில் மேடும் பள்ளமும் தெரியாது. அது எக்ஸ்போஷரின் குற்றம் இல்லை, ஒரு மரத்தையோ வேலியையோ சட்டகத்தில் சேர்த்துக்கொள்வதுதான் வழி. வெயில் நாளில் நிழலிலுள்ள பனி நீலமாக வருவதும் அப்படியே. அங்கே விழுவது வானத்து நீல ஒளி, அதை வெள்ளைச் சமநிலையில் (நிறச் சாயலைத் திருத்தும் அமைப்பில்) திருத்தலாம், திருத்தாமல் விட்டால் இன்னும் அழகு. பனி பெய்துகொண்டிருக்கும்போது 1/250 விநாடியில் துகள்கள் புள்ளிகளாக நிற்கும், 1/30-இல் கோடுகளாக ஓடும். ஃப்ளாஷ் போட்டால் அருகிலுள்ள துகள்கள் வெள்ளைப் பந்துகளாகி முகத்தை மறைக்கும். ஒட்டாரு கால்வாய் போன்ற இடத்து இரவுக் காட்சிகளுக்கு இந்தக் கூட்டல் விதி பொருந்தாது. அங்கே கறுத்த வானம் மீட்டரை மறுபக்கம் ஏமாற்றும், விளக்கடிப் பனி வரிகளே இல்லாமல் வெளுத்துப்போகும், ஆகவே பூச்சியத்திலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். படம் திடீரென்று வெளிறினால் எண்ணைக் குறைக்குமுன் லென்ஸைப் பாருங்கள். ஏர்கான் காரிலிருந்து பத்துமலையில் இறங்கியதும் கண்ணாடி வியர்க்குமே, குளிரிலிருந்து வெதுவெதுப்பான கடைக்குள் நுழைந்தாலும் அதேதான்.

கணவரின் கைப்பேசிக்குச் சுருக்கமாக: திரையில் பனியை விரலால் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுங்கள், பனி வெண்மையாகி, அதன் வரிகள் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். முகத்தை மட்டும் தொட்டு விட்டுவிட்டால் பனி வரிகளே இல்லாமல் வெளுத்துவிடும் அபாயம் உண்டு. கைப்பேசிகள் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் முகமும் பனியும் ஓரளவு தாமாகவே சமனாகும், ஆனால் அதே சமன்படுத்தலில் பனி மறுபடி சாம்பல் பூசிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபெர்ரியில் ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போங்கள். லெபோ ஃபார்குவாரில் 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது. நான் பழகியது எங்கள் பக்கத்துப் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் வெள்ளைச் சுவர்களில். காலை ஒன்பது, பத்து மணி வெயிலில் தூண்கள் சட்டகத்தை நிறைக்கும்படி நெருங்கி, பூச்சியம், கூட்டல் 1, கூட்டல் 2 என்று மூன்று படம் எடுங்கள். பிறகு பிள்ளையைத் தூணருகே நிறுத்தி அதே மூன்று. வீட்டில் கணினியில் தூணின் எண்ணைப் பார்த்தால், உங்கள் கேமரா தானாக எவ்வளவு திருத்துகிறது, நீங்கள் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். என் எண்ணைவிட அந்த எண்ணை நம்புங்கள். மழை என்றால் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளை வேட்டி போதும். பேருந்துக்குள் ஏறும்போது கூட்டல் கழித்தல் சக்கரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பும் பழக்கத்தையும் அப்போதே கைக்குக் கற்பித்துவிடுங்கள். நான் திருப்ப மறந்து ஒரு முழு இரவு விருந்தை வெளிற வைத்திருக்கிறேன்.

கடைசியாக, டிசம்பர் படங்களை மீட்க முடியுமா என்றும் கேட்டிருந்தார். மருமகன் கைப்பேசியில் வெளிச்சமேற்றியபோது முகங்கள் மணல் தூவியது போலானதாகச் சொல்கிறார். ஜேபெக்கில் 1.8 அளவுக்கு இறங்கிப்போன முகத்தில் எஞ்சியிருக்கும் நிறப்படிகள் மிகக் குறைவு; ஏற்றினால் அந்தப் படிகளோடு இரைச்சலும் (மணல் போன்ற புள்ளிகள்) ஏறும். பனியை மட்டும் வெள்ளையாக்கி, முகத்தைப் பாதியளவே ஏற்றி, அஞ்சலட்டை அளவில் அச்சிட்டால் பார்க்கும்படி இருக்கும். பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவதற்கு இராது. கேமராவில் ராவும் ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி வைத்திருந்தாரா என்று மெமரி கார்டை ஒருமுறை பார்க்கட்டும். ரா இருந்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஏற்றுவது பெரிய காரியமில்லை. அதுவரை அந்தக் கார்டில் புதிதாக எதையும் எடுக்க வேண்டாம்.